பக்கத்திலேயே லினக்ஸ் வைத்திருப்பவர்

இவரைத் தேடி நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். "கம்ப்யூட்டர் கொஞ்சம் ஸ்லோவா இருக்கு" என்று பஸ்ஸில் சும்மா சொல்லிப் பாருங்கள். மூன்று சீட்டு தள்ளி ஒரு தலை திரும்பும். விண்டோஸை விட்டுவிட்டவர் அல்ல இவர். அதற்கெல்லாம் துணிச்சல் வேண்டும். விண்டோஸையும் வைத்துக்கொண்டு, அதே டிஸ்க்கில் ஒரு மூலையைக் காலி செய்து லினக்ஸ் என்கிற இன்னொரு இயங்குதளத்தையும் குடிவைத்தவர். குடிவைத்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. பேச்சைக் கேட்டால் அதைப் பெற்று வளர்த்ததே இவர்தான் என்று தோன்றும்.

காரிமங்கலத்தில் பிளக்ஸ் பேனர் கடை வைத்திருக்கும் மாதவராஜ் இந்த இனத்தின் அசல் உருப்படி. லினக்ஸில் அவர் இதுவரை பார்த்த வேலை என்ன? வால்பேப்பர் மாற்றினார், ஐகான்களை வட்டமாக்கினார், கறுப்புத் திரையில் எழுத்து ஓடுவதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார், மறுபடி வால்பேப்பர் மாற்றினார். கடை வேலைக்கு விண்டோஸ் இருக்கிறதே. டிசைன் சாஃப்ட்வேர் அதில்தான் ஓடும்.

சந்தை நாளன்று முருகேஷ் வந்து நின்றார். விடிந்தால் அவர் மகனுக்குக் காதுகுத்து. டிசைன் போன வாரமே தயார்; பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் போதும்.

"சீக்கிரம்ண்ணா, பஸ்ஸு நிக்குது. பேனர்ல தன் மூஞ்சி இல்லன்னா மச்சான் மடி குடுக்கமாட்டான். தாய்மாமன் மடி இல்லாம எப்பிடிக் காது குத்தறது?"

"ரெண்டே நிமிசம். விண்டோஸுக்குப் போவணும், அவ்ளோதான்."

ரீஸ்டார்ட் ஆகிக் கறுப்புத் திரையில் பட்டியல் வந்தது. மேலே லினக்ஸ், கடைசியில் விண்டோஸ். பத்து விநாடிக்குள் கீழே இறங்கி விண்டோஸைத் தட்ட வேண்டும். தவறினால் லினக்ஸ் தானாகத் திறந்துகொள்ளும். அந்த நேரம் பார்த்து முருகேஷ் ஒரு தப்பு செய்தார்.

"இது இன்னாண்ணா கறுப்பா வருது?"

மாதவராஜ் நாற்காலியோடு திரும்பினார். பத்து விநாடியில் முடிகிற கேள்வியா அது? ஒரே வூட்டில் ரெண்டு குடித்தனம் என்றார், அடுப்பு தனித்தனி என்றார், இந்தப் பக்கம் வைரஸே எட்டிப் பார்க்காது என்றார், அவர் முதுகுக்குப் பின்னால் லினக்ஸ் நிதானமாகத் திறந்து புது வால்பேப்பரின் பனிமலையைக் காட்டியது.

"மச்சான் எங்கண்ணா?"

"வருவாரு." மறுபடி ரீஸ்டார்ட்.

"இதுக்குக் காசு கட்டணுமாண்ணா?"

கெட்டது குடி. மாதவராஜ் திரும்பினார். முன்பின் தெரியாதவர்கள் ஊர் ஊராக உட்கார்ந்து இதை எழுதி உலகத்துக்கே சும்மா கொடுக்கிற கதையை, தானும் ஒரு கை கொடுத்தவர் மாதிரி, தழுதழுத்துச் சொன்னார். பனிமலை வந்தது. வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

பேனர் ஓரத்தில் கயிறு கட்ட வளையம் அடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சுகுணா சுத்தியலோடு எழுந்து வந்தாள்.

"முருகேசு, நீ வாயத் தொறக்காத. ஏங்க, நீங்க திரையப் பாருங்க."

மூன்றாவது ரீஸ்டார்ட். பட்டியல் வந்தது. மாதவராஜின் தொண்டைக்குள் ஒரு விளக்கம் உருண்டது. சுத்தியலைப் பார்த்தார். விழுங்கினார். விண்டோஸைத் தட்டினார்.

விண்டோஸ் திறந்தது. திறந்து, அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்றது.

முருகேஷ் தலையில் கை வைத்துக்கொண்டார். மாதவராஜோ, தர்மபுரி மாவட்டத்திலேயே அந்த நிமிஷம் அவரைப்போல் சந்தோஷப்பட்ட மனிதர் இருந்திருக்க முடியாது. "பாத்தியா முருகேஷு? இதத்தான் நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். இந்தத் தடவை அவசரமே இல்லை.

பஸ் போய்விட்டது. மை காயாத பேனரோடு முருகேஷையும் ஏற்றிக்கொண்டு மாதவராஜே தன் பைக்கில் ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தார். வழி நெடுக என்ன பேசியிருப்பார் என்று கேட்கிறீர்களா?

மறுநாள் பந்தலில் பேனரில் பெரிதாக மச்சான் சிரிக்க, கீழே நிஜ மச்சான் மருமகனை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் குந்தியிருந்த மாதவராஜிடம், "அப்போ லினக்ஸு போட்டா விண்டோஸு அழியாதுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார்.

சிரித்துவிட்டீர்கள், சரி. ஆனால் அந்தப் பட்டியல் வந்ததும் ஒரு அம்புக்குறியைத் தட்டியிருந்தாலே அந்தப் பத்து விநாடி எண்ணிக்கை நின்றிருக்குமே, அந்த மனிதருக்கு இதுகூடவா தெரியாது என்று நடுவில் உங்கள் கை பரபரத்ததா? பரபரத்ததென்றால் ஒன்று செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவர் இன்னும் எதுவும் கேட்கவில்லை. அவராகக் கேட்கும்வரையாவது பொறுங்கள்.