மயில் ஜிமிக்கிக்குச் சொந்தக்காரி

மாலதியின் மேஜையில் இன்னொருத்தியும் மயில் ஜிமிக்கி வாங்கிக்கொண்டு போனபோது, தாட்சாயிணிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? அது அவளுடைய மயில். கழுத்தைத் திருப்பித் தன் தோகையையே பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த மயிலைக் களிமண்ணில் முதலில் செய்தது அவள்தான். சிதம்பரத்தில் பக்கத்து வீட்டு மாலதி, சும்மா பார்க்கிறேன் என்று வந்து உட்கார்ந்தாள். மறு மாதமே அவள் வீட்டிலும் அதே மயில்.

இப்போது கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில், மகளிர் குழுக் கண்காட்சியிலும் அவள்தான் பக்கத்து மேஜை. இருவருக்கும் இதுதான் முதல் வியாபாரம். காலிப் பெட்டியோடுதான் திரும்புவேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள் தாட்சாயிணி. சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஊருக்குப் போக வேண்டும். மாலதி வெறும் பெட்டியோடும் தான் நிறைந்த பெட்டியோடும் இறங்குவதை நினைக்கவே அவளுக்குப் பொறுக்கவில்லை.

முதலில் ஒரு பெரிய கண்ணாடி வாங்கி வந்து மேஜையில் நிறுத்தினாள். உடனே கூட்டம் கூடியது. எல்லாரும் மாலதியிடம் வாங்கிய ஜிமிக்கியை மாட்டி அழகு பார்க்க வந்தவர்கள். ஒருத்தி, கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொல்லித் தாட்சாயிணியிடமே கண்ணாடியைக் கொடுத்தாள். அவளும் பிடித்துத் தொலைத்தாள்.

அப்புறம் கண்ணாடியைக் கவிழ்த்துவிட்டு யோசித்தாள். மாலதிக்குப் பொறுமை கிடையாது. வறட்டி அடுக்கிப் பக்குவமாகச் சுடாமல், வெயிலில் காயவைத்து வண்ணம் பூசியிருப்பாள். ஜனங்களுக்கு இது தெரிய வேண்டாமா? ஓர் அட்டையில் சிவப்பு மையால் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தாள்: 'இங்கே உள்ள நகையெல்லாம் நானே சுட்டது.'

பலன் உடனே தெரிந்தது. போகிறவர்கள் நின்று படித்தார்கள். காலேஜ் பெண்கள் சிரித்த முகத்தோடு செல்போனில் படம் பிடித்தார்கள். பிறகு இவள் மயிலையும் பக்கத்து மயிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மாலதியிடம் போய் வாங்கினார்கள்.

ஓர் அம்மாள் மட்டும் அக்கறையாக விசாரித்தாள்.

"ஒங்க வூட்டுக்காரருக்கு இது தெரியுமாம்மா?"

"அவரு இல்லாம நடக்குமா? லீவு நாள்ல அவருதான் கூட நின்னு சுட்டுக் குடுப்பாரு."

"என்ன வேலை பாக்குறாரு?"

"வாத்தியாரு."

அந்த அம்மாளின் முகம் போன போக்கைப் பார்த்து, இவளுக்கும் பொறாமை என்று தாட்சாயிணி முடிவு கட்டினாள். அன்றைக்கு அவளுக்கு ஊரே பொறாமை பிடித்துத்தான் தெரிந்தது.

எழுத்து போதவில்லை போலும் என்று அட்டையின் மறுபக்கத்தில் இன்னும் பெரிதாக எழுதினாள்: 'மயில் ஜிமிக்கி உள்பட எல்லாம் நானே சுட்டது. பாதி விலை.' பந்தோபஸ்துக்கு வந்த பெண் போலீஸ் அதை இரண்டு தடவை படித்தாள். ஒரு தோட்டைத் தட்டிப் பார்த்து, வெறும் மண்தான் என்று தெரிந்ததும் சிரித்துக்கொண்டே நகர்ந்தாள். போகும்போது மாலதியிடம் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் மாலதியின் பெட்டி காலி. அவள் தயங்கித் தயங்கி அருகே வந்தாள்.

"அக்கா, ஒங்களுதுல கொஞ்சம் என் மேஜைல வச்சு வித்துக் குடுக்கவா?"

உதைத்திருந்தால்கூடத் தாட்சாயிணிக்கு இவ்வளவு வலித்திருக்காது. ஒன்றும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. அந்த நேரம் பார்த்து, மைதானத்தில் டீ விற்கும் பொன்னி கேனோடு வந்து நின்றாள். யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும் போலிருந்தது.

"நீயே சொல்லு பொன்னி. அந்த மயிலு என்னுது. என்னப் பாத்துதான் அவ செஞ்சா. அவளுக்கு அந்தக் கூட்டம், எனக்கு ஒண்ணுகூட போணியாவல. என்னப் பத்தி ஜனங்க என்னதான் நெனைக்கிறாங்க?"

பொன்னி டீயை நீட்டிக்கொண்டே மரியாதையாகச் சொன்னாள்.

"ஒங்களப் பெருமையாத்தாங்க்கா பேசிக்கிறாங்க. பக்கத்துக் கடை டிசைனச் சுட்டுட்டு, சுட்டேன்னு போர்டே எழுதி வச்ச நேர்மைய வேற யாருகிட்டயும் பாத்ததில்லையாம்."