வெள்ளை நாய் கறுப்பானது

மரக்கடைக்காரரின் கழுத்தில் சவரக்கத்தியை வைத்த நேரம் பார்த்துத்தான் திரைக்குப் பின்னால் இருந்த நாய் தும்மியது.

சலூன்காரரின் கை அப்படியே நின்றது.

"என்னய்யா சத்தம்?" என்றார் மரக்கடைக்காரர், நுரைக்குள்ளிருந்து.

"என் வீட்டுக்காரிங்க. ஜலதோஷம்."

"கடையில என்ன பண்றாங்க?"

"வீட்டுல தூசி தாங்கலைன்னு இங்க வந்து படுத்திருக்கா."

"முடி பறக்குற இடத்துலயா?" என்று கேட்டவர், கத்தி இன்னும் தொண்டையில் இருப்பதை உணர்ந்து பேச்சை நிறுத்திக்கொண்டார்.

திரைக்குப் பின்னால் கிடந்தது அந்த மரக்கடைக்காரருடைய நாய்தான். சலூனுக்கும் மரக்கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் இரும்புக் கம்பியால் கழுத்தில் கட்டப்பட்டு, வெயிலிலும் மழையிலும் அது நின்றது. வியாபாரம் படுத்தாலும் அடி, வேலைக்காரன் வராவிட்டாலும் அடி. ரப்பர் குழாய் காற்றைக் கிழிக்கும் சத்தம் சலூனில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நன்றாகவே கேட்கும். யாராவது ஒருவர், "ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைங்க" என்பார். சலூன்காரரும் கூட்டி வைப்பார்.

ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லிப் பார்த்தார்.

"நீ முடியை வெட்டு. நாயை நான் பார்த்துக்கறேன். இந்தக் கடை இடம் யாருதுங்கறது ஞாபகம் இருக்கட்டும்" என்றார் மரக்கடைக்காரர்.

இன்று மதியமும் குழாய்ச் சத்தம் கேட்டது. ஆனால் நாயின் குரல் கேட்கவில்லை. அதுதான் அவரைத் தூக்கிவாரிப் போட்டது. ரேடியோவை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். மரக்கடைக்காரர் சாப்பிடப் போனதும் சுவர் ஏறிக் குதித்தார். கம்பி சதைக்குள் புதைந்திருந்தது. குறட்டால் அதை வெட்டும்போது நாய் அவரைக் கடிக்கவில்லை. கடிக்கிற அளவுக்குத் தெம்பில்லை. தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். அவ்வளவுதான் திட்டம். அதற்கு மேல் எதையும் அவர் யோசித்திருக்கவில்லை.

"நாயைக் காணோம்யா," மரக்கடைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எவனோ கம்பியை வெட்டித் தூக்கிட்டுப் போயிட்டான். கையில கிடைச்சான்னா தோலை உரிச்சிடுவேன்."

"அச்சச்சோ. பஸ் நிலையம் பக்கமா ஒரு வெள்ளை நாய் ஓடின மாதிரி இருந்துச்சுங்க" என்றார் சலூன்காரர், அவரை எப்படியாவது வெளியே அனுப்புவதற்காக.

"பார்த்தியா? அப்போ நீயே வந்து காட்டு."

தன் வாயைத் தானே சபித்துக்கொண்டு கடையைப் பூட்டினார் சலூன்காரர்.

தேடுவதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்த நாய்க்கு யாரும் பெயர் வைத்ததில்லை. மரக்கடைக்காரர் அதை எப்போதும் கூப்பிடுகிற ஒரே சொல்லைத் தெருவெல்லாம் உரக்கக் கத்திக்கொண்டு போனார்.

"சனியனே! ஏ சனியனே!"

எதிரே வந்த ஒருவர் சண்டைக்கு நின்றார். சலூன்காரர் குறுக்கே விழுந்து விளக்க வேண்டியதாயிற்று. கடைசியில் கால்நடை ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். அங்கிருந்த டாக்டரம்மாவிடம், "வெள்ளை நாய் எதாச்சும் வந்தா எனக்கு ஒரு போன் போடுங்க" என்று சொல்லி நம்பர் கொடுத்தார் மரக்கடைக்காரர். தேட வந்த இன்னொருவர் என்ற முறையில் சலூன்காரரும் தலையை ஆட்டி வைத்தார்.

சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஜலதோஷம்னு சொன்னது போகட்டும். கடையைக் காலி பண்ணச் சொன்னா எங்கங்க போறது?"

"அதுக்குத் திரும்பக் கொண்டுபோய் விட்டுட்டு வரவா?"

அவள் நாயைப் பார்த்தாள். கிண்ணத்தில் ஊற்றிய பாலைக் குடிக்கும்போதுகூட அது ஒரு கண்ணை அவள் கையிலேயே வைத்திருந்தது. கை சற்று உயர்ந்தால் தலையைத் தரையோடு ஒட்டிக்கொண்டது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம்" என்றாள்.

"அவர் தேடறது வெள்ளை நாயை," என்றார் சலூன்காரர் மெதுவாக. அவர் பார்வை தலைமுடிச் சாயம் இருந்த அலமாரியின் பக்கம் போனது.

தொழில் சுத்தமாக இருந்தது. காயத்தில் படாமல், கண்ணில் படாமல், பிரஷால் நிதானமாகத் தடவினார். சற்று நேரத்தில் வெள்ளை நாய் பளபளவென்று கறுப்பாகிவிட்டது.

"பத்து வயசு குறைஞ்சிடுச்சு" என்றாள் மனைவி. அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

விடிந்தபோது நாய் வாயில் நுரையோடு கிடந்தது. உடம்பை நக்கியிருக்கிறது. வயிற்றுப் பக்கம் தோல் சிவந்து வெந்திருந்தது. அந்த மனுஷன் அடித்தான், நான் நஞ்சு வைத்துவிட்டேன் என்று சலூன்காரர் தலையில் அடித்துக்கொண்டார். போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு இருவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

டாக்டரம்மா முதலில் ஊசி போட்டார். வயிற்றைச் சுத்தம் செய்தார். நாயின் மூச்சு சீராகும் வரை பக்கத்திலேயே நின்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் நாய் இது?"

"எங்க... எங்களுதுதாங்க."

"கழுத்துல கம்பி அறுத்திருக்கு. விலா எலும்பு உடைஞ்சு, வைத்தியம் இல்லாம கோணலா ஒட்டியிருக்கு. இது ஒரு நாள்ல பண்ணின வேலை இல்ல. போதாததுக்குத் தலைக்கு அடிக்கிற சாயம் வேற. நீங்கெல்லாம் மனுஷங்கதானா?"

சலூன்காரர் வாயைத் திறந்தார். உண்மையைச் சொன்னால் திருட்டு நாய். திருட்டு நாய் என்றால் சொந்தக்காரரிடம் திரும்பிப் போகும். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

டாக்டரம்மா பஞ்சை எதிலோ நனைத்து நாயின் காதைத் துடைத்தார். வெள்ளை தெரிந்தது.

"நேத்து ஒருத்தரோட வந்து வெள்ளை நாயைத் தேடினது நீங்கதானே?"

"ஆமாங்க."

"அந்த நாயா இது?"

"இல்லீங்க."

டாக்டரம்மா போனை எடுத்தார். இரண்டு இடங்களுக்குப் பேசினார். முதலில் போலீஸ். அப்புறம் மரக்கடை.

மரக்கடைக்காரர் சீக்கிரமே வந்து சேர்ந்தார். கூடவே அவர் மனைவியும் வந்திருந்தாள். அந்தத் தெருவில் யாரோடும் பேசாதவள் அவள். தலைக்கனம் பிடித்தவள் என்று சலூன்காரரின் மனைவி உட்பட எல்லோரும் சொல்லி வைத்திருந்தார்கள். வாசலிலேயே சுவரோரமாக நின்றுகொண்டாள்.

"எங்க என் நாய்?" என்ற குரல் கேட்டதும், மேசைமேல் கிடந்த நாய் எப்படியோ தவழ்ந்து இறங்கி, கைகழுவும் தொட்டிக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. தரையில் ஈரம் பரவியது.

மரக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். அவர் அடையாளம் கண்டுகொண்டுவிட்டார் என்பது சலூன்காரருக்குப் புரிந்தது.

"நல்லாப் பாருங்க," என்றார் டாக்டரம்மா. "இது யார் நாயோ அவங்க மேல கேஸ். போலீஸ் வந்துக்கிட்டிருக்கு. இது உங்க நாயா?"

மரக்கடைக்காரர் நிமிர்ந்தார். முகம் மாறியிருந்தது.

"சேச்சே. என் நாய் வெள்ளைங்க. பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தேன். இது யாரோட கறுப்பு நாயோ." சலூன்காரரைத் திரும்பிப் பார்த்தார். "வாயில்லாத ஜீவனை இப்படிப் பண்ணியிருக்கியே, உனக்கே அடுக்குமாய்யா? டாக்டர், இவனைச் சும்மா விடாதீங்க."

சலூன்காரரின் மனைவி ஏதோ சொல்ல வந்தாள். அவர் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். தன் நாய் இல்லை என்று அந்த மனுஷன் தன் வாயாலேயே சொல்லிவிட்டான். இனி அவனால் கேட்டு வர முடியாது. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: நாய் யாருடையது என்ற விசாரணையே வராதபடி பழியைத் தானே ஏற்பது.

"ஆமாங்க டாக்டர். என் நாய்தான். கம்பி கட்டினது நான்தான். அடிச்சதும் நான்தான்."

"என்னங்க!" என்றாள் மனைவி.

டாக்டரம்மா அவரை நிதானமாகப் பார்த்தார். "அப்போ நாயை உங்ககிட்டத் திருப்பித் தர மாட்டோம். புரியுதா?"

"எனக்குத் தர வேண்டாங்க. எங்க தெருவுல யாருக்குமே தராதீங்க. அது போதும்."

தொட்டிக்கு அடியிலிருந்து நாய் மெல்ல வெளியே வந்தது. கால்களை இழுத்துக்கொண்டு வந்து, தன்னை அடித்ததாக ஒப்புக்கொண்ட மனுஷனின் பாதத்தில் தலையை வைத்துப் படுத்தது.

"ஒத்துக்கிட்டானே, அதுவே பெரிசு." மரக்கடைக்காரர் சட்டையை உதறிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். "வா, போலாம்" என்றார் மனைவியிடம்.

அவள் நகரவில்லை. சுவரை விட்டு விலகி, கணவரைத் தாண்டி உள்ளே வந்து மேசைக்கு முன்னால் நின்றாள்.

"டாக்டர், போன மாசம் பேர் சொல்லாம உங்களுக்குப் போன் பண்ணி, ஒரு வெள்ளை நாயைக் காப்பாத்துங்கன்னு அழுதது நான்தான். அந்த நாய் இது, அடிச்சவர் என் வீட்டுக்காரர்."