மேனேஜர் நெஞ்சு நோகாமல்

குடைத் தொழில் வரலாற்றில், குடை கண்டுபிடிக்கப்பட்ட நாளுக்கு அடுத்தபடியாகக் கொண்டாடப்பட வேண்டிய நாள் ஒன்று உண்டு. குடைக் கம்பெனி மேனேஜர், இதயத்தில் புது வால்வும் இடது தோளுக்குக் கீழே பேஸ்மேக்கருமாக வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமைதான் அது. இது மேனேஜரின் கருத்து. வேறு யாரையும் கேட்கவில்லை.

வரலாற்று நாயகர் அன்று காலை குளியலறைக் கண்ணாடி முன்னால், தாடையில் பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றார். பிளேடு லேசாகத்தான் கீறியது. ஆனால் ரத்தம் உறையாமலிருக்க அவர் விழுங்கும் மாத்திரை, சம்பளம் வாங்காமலே ஒழுங்காக வேலை செய்யும் ரகம்.

"என்னங்க, இன்னும் நிக்கலையா?" என்றாள் மனைவி வெளியிலிருந்து.

"நிக்கும், நிக்கும். அதுக்கு என்ன அவசரம்?"

"சவர மெஷின் வாங்குங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே! போனை இடது பாக்கெட்ல வைக்காதீங்க. கையை மேல தூக்காதீங்க. மாடிப்படியை ஒரே மூச்சுல ஏறாதீங்க."

"மூச்சாவது விடலாமா?"

"மெதுவா விடுங்க."

அவருக்கு அதிலெல்லாம் பயமில்லை. டாக்டர் சொன்ன ஒரு வாக்கியத்தில்தான் பயம். 'மாத்திரை அளவு குறைஞ்சா வால்வுல ரத்தம் கட்டும். அந்தக் கட்டி நகர்ந்து மூளைக்குப் போயிடலாம்.' கையும் காலும் கொஞ்சம் சுணங்கினால் பரவாயில்லை. மூளை அப்படியா? அவர் மேனேஜரான நாளிலிருந்து ஒரு குடைகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. யாராவது பாராட்டினால், "எல்லாம் இதோட வேலை" என்று நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டுவார். யாரும் பாராட்டாவிட்டாலும் தட்டுவார்.

கம்பெனியில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். தையல் மெஷின்கள் ஓய்ந்தன. அந்த அமைதியில் மேனேஜரின் உலோக வால்வு, மலிவான கைக்கடிகாரம்போல, டிக் டிக் என்று கேட்டது. கட்டிங் மாஸ்டர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பேக்கிங் பிரிவு அம்மாவும் கேட்டாள். இதை மரியாதை என்று எடுத்துக்கொண்ட மேனேஜர், உற்சாகத்தில் முதல் உத்தரவைப் போட்டார்.

"குடைக்கு எதுக்கு எட்டுக் கம்பி? ஆறு போதும். கம்பியும் மிச்சம், கனமும் குறையும்."

கட்டிங் மாஸ்டர் வாயைத் திறந்தார். டிக் டிக் கொஞ்சம் வேகமெடுத்தது. வாயை மூடிக்கொண்டு, வழக்கம்போல, "சரிங்க சார்" என்றார்.

ஆறு கம்பிக் குடைகள் வந்தன. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே துணி தொட்டில் மாதிரி தொங்கியது. சோதனைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் ஓடி விழாமல் மேலேயே தங்கியது. ஒரு குடையில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டியிருக்கலாம்.

"துணியில நாலு விரல் குறைச்சு, இழுத்துத் தைங்க. விறைப்பா நிக்கும்."

"சரிங்க சார்."

விறைப்பாக நின்றது. மூடிய நிலையில். கட்டிங் மாஸ்டர் முழங்காலில் முட்டுக் கொடுத்துத் தள்ளியும் குடை திறக்க மறுத்தது.

"ஸ்பிரிங்ல பலம் இல்ல. பெரிய ஸ்பிரிங் போடுங்க."

"சரிங்க சார்."

பெரிய ஸ்பிரிங் போட்ட முதல் குடையை முதலாளியே ஆசையாக வாங்கி, சரக்கு எடுக்க வந்த வியாபாரியின் எதிரில் பட்டனை அமுக்கினார். கைப்பிடி முதலாளியிடம் நின்றுகொண்டது. மற்றதெல்லாம் வியாபாரியின் தலைக்கு மேலே பறந்து, மின்விசிறியில் ஒரு சுற்றுச் சுற்றி, மூலையில் போய் உட்கார்ந்தது. அங்கே போனபிறகு அழகாக விரிந்தது.

வியாபாரி தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மழைக்காலத்துக்கு முன்னாடி ஒழுங்கான சரக்கு வரலைன்னா, நான் வேற இடம் பாத்துக்கறேன்" என்று சொல்லிப் போனார்.

முதலாளி கைப்பிடியை மேனேஜர் மேஜைமேல் வைத்தார். எதுவும் பேசவில்லை. ஆபரேஷன் ஆனவரிடம் எப்படிப் பேசுவது? பேசாதது மேனேஜருக்குத் திட்டுவதைவிட அதிகமாக வலித்தது.

அன்று சாயங்காலம் மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஏம்மா, ஆபரேஷனுக்கு அப்புறம் நான் மாறிட்டேனா?"

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "எங்க மாறினீங்க? அப்படியேதான் இருக்கீங்க."

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார். கண் கலங்கிவிட்டது.

மறுநாள் டாக்டரிடம் ஓடினார். ஓடவில்லை, மெதுவாக நடந்து போனார். ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்திய இடம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போனது. பேஸ்மேக்கரைச் சோதித்தார்கள். வற்புறுத்திக் கேட்டதால் தலையையும் ஸ்கேன் பண்ணினார்கள்.

"ரத்தத்தோட இளக்கம் இருக்க வேண்டிய அளவுல இருக்கு. பேஸ்மேக்கர் கச்சிதமா ஓடுது. மூளையில கட்டி கிட்டி எதுவும் இல்ல. நிம்மதியா போங்க" என்றார் டாக்டர்.

"அப்ப குடை ஏன் பறக்குது டாக்டர்?"

டாக்டர் இரண்டு நிமிஷம் யோசித்து, "காத்து அதிகமா?" என்றார்.

மேனேஜருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஸ்கேனுக்கே தண்ணி காட்டும் கட்டி! இல்லாவிட்டால் இத்தனை வருஷம் பிசகாத மூளை, மூன்று உத்தரவில் மூன்றையும் கோட்டை விடுமா? கம்பெனி கவிழ்வதற்குள் நாற்காலியை விட்டு இறங்குவதுதான் யோக்கியம். அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நாற்காலி போவது ஒன்று. மூளை போய்விட்டது என்று தன் வாயாலேயே சொல்வது வேறு.

மத்தியானம் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"தோழர்களே, ஒரு பெரிய மூளை எப்படி அணையும் என்பதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள்" என்று மேடைத் தமிழில் தொடங்கியவர், பாதியில் குரல் உடைந்து வீட்டுத் தமிழுக்கு இறங்கினார். "ஆபரேஷனுக்கு முன்னாடி நான் சொன்னது ஒண்ணுகூடத் தப்பினதில்ல. இப்ப எதைச் சொன்னாலும் விபரீதமாகுது. எனக்கு மூளை கெட்டுப்போச்சு. நான் விலகிக்கறேன்."

டிக் டிக் மட்டும் கேட்டது. கட்டிங் மாஸ்டர் தரையைப் பார்த்தார். தையல்காரர்கள் கட்டிங் மாஸ்டரைப் பார்த்தார்கள். சொல்லாமல் விட்டால் பாவம் என்று பேக்கிங் அம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கையிலிருந்த அட்டைப்பெட்டியைக் கீழே வைத்தாள்.

"உங்க மூளைக்கு ஒண்ணும் ஆகல சார். முன்னாடியும் நீங்க இப்படித்தான் சொல்வீங்க, நாங்க தலையாட்டிட்டு எங்க வேலையைப் பாப்போம். இப்ப ஆபரேஷன் ஆன உடம்பாச்சே, மனசு நோகக் கூடாதேன்னு, முதல் தடவையா நீங்க சொன்னபடி செஞ்சுட்டோம்."