மாமனார் காருக்குக் குளிர் ஏற்றிய கதை

பயந்தவன் பொய் சொல்வான். பொய் சொன்னவன் அதைவிடப் பயப்படுவான். இது என் சொந்த அனுபவம்.

கல்யாணமாகி இரண்டாம் மாதம். மாமனாரின் பழைய ஜப்பான் காரில் ஏசி படுத்துவிட்டது. அதற்கான பழைய கேஸ் இப்போது ரங்கூனில் கிடைப்பதில்லை. புது கேஸுக்கு மாற்ற வேண்டுமென்றால் எண்ணெய், ரப்பர் வளையம் எல்லாம் மாற்ற வேண்டும், இரண்டு நாளாகும் என்றார்கள். "இன்னிக்கே முடிச்சுத் தர்றேன் மாமா" என்று வாயை விட்டேன். (யார் கேட்டது?)

தாகேதாவில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் கோ ஜோ ஒரே மணி நேரத்தில் ஜில்லென்று ஆக்கிவிட்டார். எப்படி என்று எட்டிப் பார்த்தேன். ஏசிக்குள் போன குழாயின் மறுமுனை சமையல் கேஸ் சிலிண்டரில் இருந்தது. நிறைய டாக்சி இப்படித்தான் ஓடுகிறது, பக்கத்தில் நெருப்பு மட்டும் வேண்டாம் என்றார். ஆனாலும் வீட்டுக்கு வந்து, புது கேஸ் போட்டாச்சு என்று மாமனாரிடம் சொன்னேன்.

மனிதருக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் காலையே அலோன் பகுதிக் கோயிலில் வண்டிக்குப் பூசை என்றார். (எங்கள் வீட்டில் டயர் மாற்றினாலும் பூசை உண்டு.) கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குடும்பமே குளிரில் சொக்கிப்போய் வந்தது. எனக்கு மட்டும் சட்டை நனைந்திருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

எலுமிச்சம்பழம் மட்டும் போதும் என்று பூசாரியிடம் கெஞ்சிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. தட்டில் கற்பூரம் கொழுந்துவிட்டு எரிந்தது. மாமனார் பானட்டைத் தூக்கினார்.

"ஏசிக்கும் காட்டுங்க சாமி."

தட்டு உள்ளே போனது. கேஸ் நாற்றம் அடித்தது போல இருந்தது. (அடித்ததா, பயத்தில் தோன்றியதா, இன்றுவரை தெரியாது.) பாய்ந்து போய், சாமிக்கு ஏற்றிய கற்பூரத்தை ஊதி அணைத்தேன்.

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஏன் மாப்ள?" என்று மாமனார் மெதுவாகக் கேட்டார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. பானட்டைச் சத்தமில்லாமல் மூடினார்.

"எல்லாரும் வீட்டுக்கு ரயில்ல போலாம்" என்றார்.

அந்தக் கேஸை வெளியேற்றி, எண்ணெயும் வளையமும் மாற்றி, முறையாகப் புது கேஸ் ஏற்ற ஒரு வாரம் ஆனது. கார் இன்றும் குளிர்கிறது. என் பெயர்தான் கெட்டுவிட்டது. பத்து வருடமாக எந்த விசேஷத்திலும் தீபாராதனைத் தட்டு எனக்குக் கடைசியாகத்தான் வருகிறது. மற்றவர்கள் இரு கையும் கூப்பிக் கும்பிடும்போது, நான் மட்டும் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும். மாமனார் உத்தரவு.