முதுகில் ஒட்டிய தந்தி

இனிமேல் மனைவி சொல்லும் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புவதில்லை என்று தூணார் அன்று காலை பல் தேய்க்கும்போதே முடிவு கட்டிவிட்டார்.

தூணார் என்பது வாத்தியக் குழுவில் வைத்த பெயர். ஆளைவிட உயரமான டபுள் பேஸ் என்ற ராட்சத வயலினை அணைத்துக்கொண்டு கடைசி வரிசையில் அசையாமல் நிற்பார். பல வருஷமாக நிற்கிறார். அவர் வாசித்தது காதில் விழுந்தது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

இப்போது நிற்பதற்கே ஆபத்து. விரல் நுனியெல்லாம் சிவந்து, கொப்புளித்து, அரிப்பு தாங்கவில்லை. தந்தியில் சுற்றியிருக்கும் நிக்கல் உங்களுக்கு ஆகாது, மாற்றிவிடுங்கள் என்று தோல் டாக்டர் சொல்லிவிட்டார். குழுத் தலைவரோ, அடுத்த கச்சேரிக்குள் விரல் சரியாகாவிட்டால் தன் அக்கா மகனை அந்த இடத்தில் நிறுத்தப்போவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் தூணார் தந்தியை மாற்றச் சம்மதித்தார்.

அவர் தந்திக் கடைக்குக் கிளம்பும்போது மனைவி செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தாள். தூணாருக்குச் சுருக்கென்றது. இது வழக்கமில்லையே.

"ஏங்க, நானும் கூட வரட்டுமா?"

"நீ எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா யாராவது தந்திக் கடைக்கு வருவாங்களா?"

"சரி, வரல."

"ஏன், வந்தா என்ன?"

அவள் உள்ளே போய்விட்டாள். அதுவும் சந்தேகத்துக்கு இடமாகத்தான் இருந்தது.

கடையில் இரண்டே வகை இருந்தன. ஒன்று ஸ்டீல். கணீரென்று கடைசி நாற்காலி வரை போய்ச் சேரும். தூணாரின் மனசு அதிலேயே விழுந்துவிட்டது.

"நிக்கல் சேர்க்கலைன்னுதான் சொல்றாங்க சார். ஆனா நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் கடைக்காரர்.

மற்றது முழுக்க நைலான். அதில் உலோகமே கிடையாது. சத்தமும் அவ்வளவாகக் கிடையாது. கடைக்காரர் இரண்டிலும் ஒரு துண்டு வெட்டித் தனித்தனிப் பிளாஸ்திரியில் வைத்து, மேலே 'ஸ்டீல்', 'நைலான்' என்று எழுதிக் கொடுத்தார்.

"முதுகுல ஒட்டிக்குங்க. ரெண்டு நாளைக்கு நனைக்காதீங்க. எது சிவக்குதோ அது ஆகாது."

ஒட்டுவதற்கு வேறு இடமா இல்லை? மனுஷன் தன் கண்ணால் பார்க்க முடியாத இடமாகத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். பார்த்துச் சொல்ல வேண்டியவள் மனைவி. அவர் வில்லை இழுத்தால் கண்ணாடி அலமாரி நடுங்குகிறது என்று வருஷக்கணக்காகப் புலம்புகிறவள். முதுகு பளிங்காக இருந்தாலும் ஸ்டீல்தான் சிவந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, நைலானைத் தலையில் கட்டிவிடுவாள்.

யோசித்துக்கொண்டே வீடு வந்தவர் நேராகக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டார். துண்டுகளை இடம் மாற்றினார். 'ஸ்டீல்' என்று எழுதிய பிளாஸ்திரிக்குள் நைலான். 'நைலான்' என்று எழுதியதற்குள் ஸ்டீல். இனி அவள் "ஸ்டீல் சிவந்திருக்கு" என்று சொல்லட்டும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். தூணாருக்குத் தன் மூளையை நினைத்துத் தனக்கே பெருமை தாங்கவில்லை.

"உள்ள இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?"

"முதுகைத் துடைச்சேன்."

"சட்டைக்கு மேலயா?"

தூணார் சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி நின்றார். அவள் இரண்டையும் ஒட்டினாள். வேறொன்றும் கேட்கவில்லை.

இரண்டு நாள் குளிக்காமல், குப்புறப் படுத்து, அவள் பின்னால் வந்தாலே சுவரோடு ஒட்டிக்கொண்டு ஓட்டினார். அப்புறம் அவள் ஒரு முக்காலியைப் போட்டுச் சுவரைப் பார்க்க உட்காரவைத்தாள். முதுகில் விரல் பட்டது. சர்ரென்று ஒரு சத்தம். கொஞ்சமும் வலிக்கவில்லை. நல்ல கைப்பக்குவம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"ம்" என்றாள்.

"என்ன ம்? விவரமாச் சொல்லு."

"ஸ்டீல்னு எழுதின இடம் சுத்தமா இருக்குங்க. பொட்டுச் சிவப்புகூட இல்ல."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப நைலான்?"

"அய்யோ பாவம். கொப்புளமே போட்டிருக்கு."

தூணார் மனசுக்குள் எழுத்துகளை இடம் மாற்றிப் பார்த்தார். அந்த எழுத்துக்கு அடியில் இருப்பது ஸ்டீல். ஆசைப்பட்ட தந்தி ஆகவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்கிற பெண்டாட்டியைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கம் வேறு பிடுங்கித் தின்றது. வெட்கப்பட்டு முடிப்பதற்குள் அவள் கடைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணே, இவருக்கு ஸ்டீல்தான் ஒத்துக்குது. நாலு தந்தியும் அனுப்பிடுங்க."

"அனுப்பறேம்மா. அனுப்பினா திருப்பி எடுக்க மாட்டேன்."

தலைவரின் சிரிப்பும் அக்கா மகனும் தூணாரின் கண்முன்னால் வந்து நின்றார்கள்.

"ஸ்டீல் வேணாம். நைலானே அனுப்புங்க" என்று போனைப் பார்த்துக் கத்தினார்.

"ஏங்க, அதுதானே கொப்புளம் போட்டிருக்கு?"

"அதுக்குள்ள இருக்கறது ஸ்டீல். நான்தான் மாத்தி வெச்சேன்."

போனுக்குள் கடைக்காரர் இருமினார். "அப்ப நைலானே அனுப்பிடவா சார்?"

"அனுப்பிடுங்க."

அவள் போனை வைத்தாள். "ஒட்டறப்பவே பாத்தேன். நைலான்னு எழுதினது கையில கனத்துச்சு."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா சொல்லியிருப்பீங்களா?"

தூணார் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்புதான், விட்டுடு. கொப்புளம் ரொம்பப் பெருசா? கொஞ்சம் மருந்தாவது தடவேன்."

"இருங்க, முதல்ல பிளாஸ்திரியைப் பிரிக்கறேன்" என்றாள்.