அசல் டப்பாவுக்குக் காத்திருந்த எஞ்சின்

உலகில் ஒழுங்கு என்று ஒன்று இன்னும் மிச்சமிருக்கிறதென்றால், அதற்கு நலத்திட்ட அலுவலகத்தின் கண்காணிப்பாளரே முழுமுதற் காரணம். அங்கே மனு எழுத ஒரு படிவம் உண்டு. அதன் நெற்றியில் அலுவலக முத்திரை அச்சாகியிருக்கும். அதே வாசகங்களை வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு வருபவர்களிடம் அவர் எரிந்து விழுவதில்லை. 'உரிய படிவம் இருப்பில் வந்ததும் வரவும்' என்று பச்சை மசியில் எழுதி, அன்போடு திருப்பி அனுப்பிவிடுவார். படிவம் கடைசியாக இருப்பில் வந்தே வெகுகாலமாகிறது.

இந்த மகான் ஒரு கார் வாங்கினார். கூடவே வந்த கையேட்டை, அழுக்குப் படக்கூடாதென்று பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் டாஷ்போர்டுக்குள் வைத்துப் பூட்டினார். எஞ்சின் ஆயில் மாற்றும் நாள் வந்தபோது, கார் கம்பெனியின் பெயர் போட்ட டப்பாவைத் தவிர வேறெதுவும் தன் வண்டிக்குள் இறங்கக்கூடாது என்று 'ஆணை' பிறப்பித்தார். ஷோரூமில் சரக்கு இல்லை, அடுத்த வாரம் வரும் என்றார்கள். 'அடுத்த வாரம்' எவ்வளவு நீளும் என்று அவருக்கா தெரியாது? மரியாதையாகக் காத்திருந்தார்.

டாக்சி ஓட்டும் மைத்துனர் சொல்லிப் பார்த்தார். "டப்பாமேல இருக்கிற பேரை எஞ்சின் படிக்காது மாமா. கிரேடு நம்பர் ஒண்ணா இருந்தா எந்த நல்ல ஆயிலும் ஓடும். காலத்துல மாத்தணும், அவ்வளவுதான்." அப்படி மாற்றி மாற்றியே அவர் டாக்சி மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டியிருந்தது.

"இப்படிச் சொல்லித்தான் எல்லாரும் வெள்ளைத்தாளைத் தூக்கிட்டு வர்றாங்க" என்றார் கண்காணிப்பாளர்.

பதினோரு மாதம் ஓடியது. காரும் பழைய ஆயிலோடு ஓடியது. ஒருநாள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. அதை நினைவூட்டல் கடிதமாகப் பாவித்து, பார்வையிட்டதற்கு அடையாளமாகத் தலையை அசைத்துவிட்டு ஓட்டினார்.

இரண்டு வருடம் வேலைக்கு அலைந்த மகளுக்கு முதல் நேர்காணல் வந்தது. காலை பத்து மணிக்கு அங்கே இருக்கவேண்டும். மாமாவின் டாக்சியிலேயே போய்விடுகிறேன் என்று கெஞ்சினாள். ஊர்பேர் தெரியாத ஆயில் ஓடும் வண்டியில் தன் பெண் போவதா? அவரே ஓட்டினார். ஒன்பதே காலுக்கு, மேம்பாலத்தின் நட்ட நடுவில், எஞ்சின் 'டமார்' என்று அலறிவிட்டு நின்றது. கடைசியில் மைத்துனரின் டாக்சிதான் வந்து மகளை அள்ளிக்கொண்டு போனது. பத்துக்கு நாலு நிமிடம் இருக்கும்போது அவள் செய்தி அனுப்பினாள்: 'வந்து சேர்ந்துட்டேன்.' வழக்கமாகப் போடும் 'அப்பா' அதில் இல்லை. அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போன மெக்கானிக், அடியிலிருந்த ஆயில் திருகைக் கழற்றினார். சொட்டுக்கூட விழவில்லை. விரலை விட்டுத் தோண்டியபோது தார் மாதிரி ஏதோ வந்தது. பிறகு கையேட்டை வாங்கி, உறையைக் கிழித்துப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்.

"இந்த நம்பர் உள்ள எந்த ஆயிலும் ஊத்தலாம்னு கம்பெனிக்காரங்களே போட்டிருக்காங்க சார். நேரத்துக்கு மாத்தணும்னுதான் தடிச்ச எழுத்துல இருக்கு."

கண்காணிப்பாளர் எஞ்சினைத் தடவிக்கொடுத்தார். "பாவம், பதினோரு மாசம் காத்திருந்தது" என்றார்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, மேஜை இழுப்பறையிலிருந்து மடித்த வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"எங்கம்மாவுக்குக் காது கேக்குற மெஷின் கேட்டு உங்க ஆபீசுக்கு எழுதினது. இதுக்கும் பதினோரு மாசம்தான் சார். உங்க படிவத்துல என்ன இருக்கோ, அதேதான் இதுலயும் இருக்கு. முத்திரை மட்டும் இல்ல."

தாளின் அடியில் பச்சை மசி இன்னும் பளிச்சென்று இருந்தது.

கண்காணிப்பாளர் தாளைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார். அவருடைய அப்பழுக்கற்ற சேவையில், காக்கவைத்தே அவர் கெடுத்தவை ஆயிரம் இருக்கும். வாய்விட்டு அலறியது இந்த எஞ்சின் ஒன்றுதான்.