மூன்று வெசல்களுக்கு அனுமதி கேட்ட விவகாரம்

சாந்தோம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை ஜெஃப்ரிக்கு,

மாமனார் ஸ்தனிஸ்லாஸ் எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். நீங்களும் நிறைமாதக்காரி ஜெசிகாவும் அங்கே சுகமாக இருக்க வேண்டுகிறேன். உங்களுக்கு நேர்ந்த தலைகுனிவுக்கு நானே காரணம் என்பதால் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நீங்கள் இருக்கும் தீவின் மீனவர் சபைக்காக நீங்கள் எழுதிய விதியை ஜெசிகா பெருமையோடு அனுப்பியிருந்தாள். 'சபையின் அனுமதி இல்லாமல் எந்த ஃபாரின் வெசலும் நம் எல்லைக்குள் வரக் கூடாது.' முப்பத்திரண்டு வருடம் ஆங்கிலம் கற்பித்த நான்தான் அதை உங்கள் அத்தை ஃப்ளோரன்ஸுக்கு விளக்கினேன். இந்த வீட்டில் வெசல் என்றால், தினமும் காலையில் பாத்திரம் தேய்க்கப் பொன்மணி வந்து, "இன்னாம்மா, தேய்க்கிற வெசலு இம்மாம் கீது!" என்று அலறுவாளே, அதுதான். பிரசவத்துக்கு என்று கட்டி வைத்திருந்த இட்லிக் குண்டான், புட்டுக்குடம், மீன் சட்டி மூன்றையும் பார்த்துவிட்டு ஃப்ளோரன்ஸ், "சட்டி வராத ஊருக்கு நானும் வரல" என்று உட்கார்ந்துவிட்டாள். பெண்ணின் தலைப்பிரசவத்துக்குத் தாய் போகாமல் இருப்பதா? உடனே சபைக்கு மெயில் போட்டேன், படிவம் வந்தது, நிரப்பினேன். வெசல்கள்: மூன்று. கொள்ளளவு: பன்னிரண்டு. லிட்டர் என்று போட மறந்தேன், அவர்கள் டன் என்று எடுத்துக்கொண்டார்கள். கேப்டன்: ஃப்ளோரன்ஸ். என்ன மீன்: பால்சுறா. நோக்கம்: பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற. காலம்: ஆறு மாதம்.

ஊரார் சம்மதமில்லாமல் வெளிநாட்டுக் கப்பல் ஒன்றுகூட வரக் கூடாது என்று வெள்ளிக்கிழமை சபையில் நீங்கள் முழங்கி முடித்த கையோடு தலைவர் என் படிவத்தை வாசித்தாராமே! மாமனாருக்கு மட்டும் மூன்று கப்பலா என்று கேட்டார்களாமே! "அப்பா, இங்க வெசல்னா கப்பல்பா! ஓட்டெடுப்பையே தள்ளி வச்சிட்டாங்க. அவரோட ரெண்டு வருஷ உழைப்புப்பா" என்று ஜெசிகா போனில் அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

உங்கள் விதி நியாயமானது, மாப்பிள்ளை. அடுத்த வீட்டு அடுப்பில் கேட்காமல் நம் சட்டியை ஏற்றலாமா? விண்ணப்பத்தை வாபஸ் பெறுகிறேன். மூன்றும் பரணுக்குப் போய்விட்டன. வெறுங்கையோடு வருகிறோம். ஃப்ளோரன்ஸும் சம்மதித்துவிட்டாள், என்னோடு பேச்சுதான் இல்லை.

உங்கள் இருவருக்கும், வரப்போகிற சின்ன ஜீவனுக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
ஸ்தனிஸ்லாஸ்

பி.கு.: உறையை ஒட்டும்போது ஜெசிகா கூப்பிட்டாள். சபைக்குப் போய் விளக்கினாளாம், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். "ஒரு சட்டி கொண்டுவரவே இந்த மனுஷர் நம்மைக் கேட்கிறார், கப்பல் வச்சிருக்கிறவன் கேட்டால் என்ன?" என்று தலைவர் சொல்ல, உங்கள் விதி ஒருமனதாக நிறைவேறியதாமே! முதல் அனுமதியும் நமக்கே. ஆகவே மேலே எழுதியதைக் கிழித்துப் போடவும். மூன்றும் பரணிலிருந்து இறங்கியாயிற்று. ஒரே நிபந்தனை, ஃபாரின் வெசல் இருக்கும்வரை உள்ளூர்க் கண்காணிப்பாளர் ஒருவர் கூடவே இருக்க வேண்டுமாம். நமக்கு உங்களைப் போட்டிருக்கிறார்கள். "சும்மா பாத்துக்கிட்டு உக்காராம தேங்காய் துருவச் சொல்லுங்க" என்கிறாள் உங்கள் அத்தை.